பேரன் பெட்டி

"குடுங்கோ, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லாமல் எங்கள் வீட்டுக்கார சார் யாரிடமிருந்தும் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. அப்படி வாங்கிக்கொள்ளாத பொருளும் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அதிகம் இருந்திருக்காது. அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுப்பார்கள். சாவியோடு துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை, மாவடு ஜாடியைக் குலுக்கி வைக்கும் வேலை, ஒரு வீட்டுக் கிளிக்குப் பழம் போடும் வேலை எல்லாம் வந்து சேரும். கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துச் சாவிகளை மாட்டியிருப்பார். எது எந்த வீட்டுச் சாவி என்று எழுதி ஒட்டியிருக்க மாட்டார். கேட்டால், "எதுக்கு எழுதணும்? நான்தான் இருக்கேனே" என்பார்.

அவருக்கு ஒரு விதி உண்டு. மாற்றுச் சாவி இருக்கக் கூடாது. "ரெண்டு சாவி இருந்தா ரெண்டு பேரும் மத்தவா பூட்டியிருப்பான்னு நெனச்சுண்டு போயிடுவா. ஒண்ணே ஒண்ணு இருந்தாதான் பயம் இருக்கும். பயம் இருந்தாதான் பத்திரம்." யாராவது இன்னொரு சாவியைத் தங்களிடம் வைத்துக்கொண்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

நாங்கள் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் பிள்ளையார்பாளையத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் புருஷன் பட்டுக்கடை ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். நெசவுக்கார வீட்டு ஆட்களை அந்தத் தெருவில் குடிவைக்கிறாரே என்று முணுமுணுப்பு வந்தபோதும் அவர் சொன்ன பதில் அதே ரெண்டு வார்த்தைதான். நான் பார்த்துக்கறேன். என்ன பார்த்துக்கொள்வார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் முணுமுணுப்பு நின்றுவிட்டது. நானும் பதிலுக்கு ஒரு மரியாதை வைத்திருந்தேன். மீன் குழம்பு வேண்டும் என்று தோன்றினால் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

சார் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுப் பணத்தில் மற்றவர்கள் நிலம் வாங்கினார்கள், இவர் கம்ப்யூட்டர் வாங்கினார். தெருவில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருஷங்களில் ஊருக்கு வருகிறவர்கள் கையில் புகைப்படங்களை சி.டி.யில் போட்டு அனுப்புவார்கள். சி.டி. வந்துவிடும், போட்டுப் பார்க்க வீட்டில் கருவி இருக்காது. மாமாவும் மாமியும் அந்த வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் தங்கள் முகம் தெரிவதைக் கண்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். இவர் போய், "குடுங்கோ" என்றார்.

அப்படித்தான் அந்தப் பெட்டி வந்தது. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் பக்க மூடி கழற்றிய ஓர் இரும்புக் கூடு. உள்ளே படங்களைச் சேர்த்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் தட்டுகள். எதிரே ஒரு டேபிள் ஃபேன் ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கும். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அவர் அதை சர்வர் என்றார். தெரு மாமிகள் அதற்குப் பேரன் பெட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான், எனக்கே அதன் இரைச்சல் தலைவலி கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்துவிடும். கோயிலுக்குப் போவது போல உடுத்திக்கொண்டு வருவார்கள். அவர் ஒவ்வொரு வீட்டுப் படமாகத் திறந்து காட்டுவார். பனியில் நிற்கும் பேரன், கார்மேல் சாய்ந்த மருமகள், பல்லும் கண்ணும் குடைந்து வைத்த பூசணிக்காய். "அங்கேயும் திருஷ்டிக்குப் பூசணிக்காய்தானா!" என்று ஒரு மாமி சந்தோஷப்பட்டார். சண்டையும் வரும். "அவா ஆத்துப் பேரனை மட்டும் மூணு தரம் காட்டறேள், எங்காத்துக் கொழந்தை என்ன பாவம் பண்ணித்து?" அவர் அசராமல் அந்தக் குழந்தையை மறுபடி காட்டுவார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அவ்வளவு பேர் குடும்பமும் இருந்த பெட்டியில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது.

படத்தைப் பெட்டியில் ஏற்றியதும் சி.டி.யை அவர் திருப்பித் தர மாட்டார். இதுதான் ஆரம்பத்திலிருந்தே எனக்கு உறுத்திய விஷயம். ஆணியால் அதன் முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கொல்லைப்புறக் கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டுவிடுவார். கிளி வராது, குரங்கு வராது என்பார். குரங்குகள் வந்தன. சி.டி.யைப் பிடித்து முகம் பார்த்துவிட்டுக் கொய்யாவைத் தின்றுவிட்டுப் போயின.

"இன்னா சார் இது? பெட்டியில ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இருந்துட்டுப் போகட்டுமே. ஏன் கீறிக்கினு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அப்போது தெருக்கோடியில் இருந்த சின்னக் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அதைக் கை காட்டினார். "அங்க பாலாலயம் பண்ணியிருக்கா, பார்த்தியோ? கர்ப்பக்கிருகத்துல வேலை நடக்கறச்சே பெருமாளோட சக்தியைக் கும்பத்துல வாங்கி, ஒரு அத்திப் பலகைக்கு மாத்திடுவா. அப்புறம் மூலவருக்கு விளக்கு கிடையாது, பூஜை கிடையாது. இங்க வந்தாச்சுன்னா அங்க இல்லைன்னு அர்த்தம். ஒரே வஸ்து ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கப்படாது."

அவருடைய அண்ணா அர்ச்சகர். கோயில் விஷயத்தில் நான் என்ன சொல்ல?

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு மாமி மட்டும் வர மாட்டார். எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி இருந்தவர். அவர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வருவார். அந்த நேரத்தில் அவர் புருஷன் ஓய்வூதியக்காரர்கள் சங்கத்துக்குப் போய்விடுவார். எனக்கு அநேகமாகச் செவ்வாய்தான் விடுப்பு. முதல் முறை வந்தபோது காய்கறிப் பையில் கறிவேப்பிலைக்கு அடியிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்ததை நானே பார்த்தேன்.

அவருக்கு ஒரே பெண். ஊரிலேயே ஒரு கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மாமா அன்றோடு பெண் இல்லை என்று தலைமுழுகிவிட்டார். குழந்தை பிறந்து ஒரு வயது ஆனபோது யார் மூலமோ அந்த சி.டி.யை அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு ஒருநாள் ஃபோன் செய்தாள். எடுத்தவர் மாமா. "அப்படி யாரும் இங்க இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த வாரமே ஃபோன் இணைப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பின் எந்தப் பக்கத்திலிருந்தும் சத்தம் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று மாமிக்குத் தெரியாது.

"ஆத்துல வெச்சுக்க முடியாது. கண்ணுல பட்டா உடைச்சுடுவார்" என்றார் மாமி.

"குடுங்கோ மாமி, நான் பார்த்துக்கறேன்."

அன்று அந்த சி.டி.யும் ஆணியால் கீறப்பட்டு மரத்துக்குப் போனது. மாமிக்கு அதில் நிம்மதிதான். வீட்டில் எதுவும் இல்லை, பெட்டியில் எல்லாம் இருக்கிறது. வாரம் தவறாமல் வந்தார். அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டு சார் கொல்லைப்புறம் போய்விடுவார். ஒருநாள் மாமி என்னைக் கூப்பிட்டார். "இங்க வாடி, இதைப் பாரு. என் மூக்கு!" வாளிக்குள் உட்கார்ந்து குளிக்கும் குழந்தை. அப்பன் மார்மேல் கவிழ்ந்து தூங்கும் குழந்தை. கவுன் போட்டு, கேக்குக்கு முன்னால் வாயைத் திறந்து சிரிக்கும் குழந்தை. மாமி திரையைத் தொட்டுப் பார்த்து, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பெட்டி நிரம்பிவிட்டது. பிள்ளைகள் இப்போது வீடியோவும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். சார் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, அதற்குப் பெரிய தட்டு இரண்டு வாங்கினார். பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒயர் செருக உதவிக்குப் போன என் புருஷன், "சார், ஒண்ணுல இருக்கறதே இன்னொண்ணுலயும் இருக்கற மாதிரி போட்டுக்கலாம். ஒண்ணு பூடுச்சின்னா இன்னொண்ணு இருக்குது" என்றார்.

"இல்லைப்பா. ரெண்டும் சேர்ந்து ஒரே இடமா இருக்கட்டும்."

"அப்டிப் போட்டா ஒண்ணு பூட்டாலே எல்லாம் பூடும் சார்."

"ஏன் போறது? நான்தான் இருக்கேனே."

வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தார். குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பழைய பெட்டிக்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டு உட்கார்ந்தார். நாள் கணக்கில் ஓடியது. வெளியே எங்கும் போகவில்லை. ஒவ்வொரு குடும்பமாகப் புதியதற்குப் போகப் போக, பழையதிலிருந்து அழித்துக்கொண்டே வந்தார். எல்லாம் வந்து சேர்ந்ததும் பழைய தட்டுகளைக் கழற்றி ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன், நெய் நன்றாக விட்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் புதுப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது. டக், டக், டக். குறுக்கு இழை ஓட்டும் நாடா சிக்கிக்கொண்டால் தறி ஒரே இடத்தில் தட்டிக்கொண்டு நிற்குமே, அதுபோல. என் புருஷன் வந்து பார்த்துவிட்டு, அணைத்துவிடச் சொன்னார். ஒரு தட்டு போய்விட்டது. சேர்த்துக் கட்டியிருந்ததால் இன்னொன்றில் இருந்ததும் பாதிப் பாதித் துண்டாகி ஒன்றுக்கும் உதவாது என்றார். அன்றே சென்னைக்கு எடுத்துப் போய்க் காட்டினார்கள். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. உடுத்திக்கொண்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, கைகூப்பிச் சொல்லிவிட்டார். சிலர் திட்டினார்கள். ஒரு மாமா, "சி.டி.யையாவது குடுத்திருக்கப்படாதா ஓய்?" என்று கத்தினார். அவருடைய அண்ணா வந்தார். தம்பி சொன்ன பாலாலயக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாலாலயத்துல மூலவரை யாராவது உடைச்சுப் போடுவாளாடா? அவர் அங்கேயேதான் இருக்கார். வேலை முடிஞ்சா சக்தி திரும்பி அவர்கிட்டதானே வரணும்? அரைகுறையாக் கேட்டுண்டு வந்து ஊரான் சொத்தை அழிச்சுட்டியே!"

அவ்வளவு பெரிய மனிதர் அடி வாங்கிய குழந்தை மாதிரி நின்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஃபோனில் சொன்னதும் பிள்ளைகள் திரும்ப அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் எல்லாம் இருந்தன. கொஞ்ச நாளில் பேரன்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு பேத்தி மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாமி வந்தார். சார் வாசலுக்கே போய், "பெட்டிக்குப் பாலாலயம் நடக்கறது மாமி. இப்ப சேவை கிடையாது" என்றார். மாமி சிரித்து, "சரி, கும்பாபிஷேகம் எப்போன்னு சொல்லுங்கோ" என்று போய்விட்டார். அடுத்த செவ்வாயும் அதே பதில். அதற்கடுத்த வாரமும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இப்டிப் பொய் சொல்லிக்கினு இருக்கீங்களே சார், இது நல்லாவா இருக்குது? அவங்க வாரா வாரம் ஏமாந்து போறாங்க."

"பொய் இல்லேம்மா. பார்த்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். திருப்பி வாங்கிண்டு வந்து வெச்சுடறேன்."

மாமியின் மருமகனுடைய அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார் என்று என் புருஷன் விசாரித்து வந்தார். சாரும் அவரும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார்கள். அந்த மனிதர் சார் நெற்றியில் நாமத்தைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தாராம். "இன்னா சாமி, இத்தினி வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா? உங்க ஊட்டுப் பொண்ணு நல்லாத்தான் கீது. அதோ, ஸ்ரீபெரும்புதூர்ல. எம் புள்ளைக்குக் கம்பெனியில வேலை. நான் வாராவாரம் போய்ப் பார்த்துட்டு வந்துக்கினுதான் இருக்கேன்."

ஒரு மணி நேரப் பயணம். மாமி வெளிநாடு என்றும் வடக்கே எங்கேயோ என்றும் நினைத்திருந்தார்.

சார் தனியாகப் போய்விட்டு வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் கேட்டார். அந்தப் பெண் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாளாம். படம் வேண்டும் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டதாம். "படம் எங்கிட்ட நெறைய இருக்கு மாமா. தர மாட்டேன். படம் அனுப்பித்தான் அம்மா என்னைப் பார்க்காமயே இருந்துட்டா. வரச் சொல்லுங்கோ. வந்தா கொழந்தையையே மடியில போடறேன்." குழந்தைக்கு இப்போது நாலு வயது. இவரிடம் வந்து நாமத்தைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டதாம்.

அடுத்த செவ்வாய் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், என்னை இருக்கச் சொல்லியிருந்தார். படம் போய்விட்டது என்றதும் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெண் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறாள் என்றதும் அந்தக் கை கீழே விழுந்தது.

"நானே கூட்டிண்டு போறேன் மாமி. மத்தியானம் போனா சாயரட்சைக்குள்ள வந்துடலாம்."

"படம்னா பார்த்துடுவேன். அவளை எப்படிப் பார்க்கறது?" என்றார் மாமி. "எங்க போனேன்னு கேட்பாரே. முப்பத்தஞ்சு வருஷத்துல அவர்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. இங்க வரது பொய்யில்லை, நாலாத்துக்குப் போறவதானே. அவளைத் தொட்டுட்டு வந்து இவருக்கு எப்படிச் சாதம் பரிமாறுவேன்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இன்னாமா நீங்க, பெத்த பொண்ணுமா!" என்றேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. எழுந்து கொல்லைப்புறம் போய்க் கொய்யா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மரம் முழுக்க சி.டி.கள் சுழன்றுகொண்டிருந்தன. எது தன்னுடையது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. என் புருஷன் பிற்பாடு எல்லாவற்றையும் இறக்கிக் கடைக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூட ஓடவில்லை. சார் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர்.

மாமி வருவது நின்றுபோனது. சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வழக்கம்போல மாடிச் சாவியை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உன்கிட்டயே இருக்கட்டும்மா. இன்னொண்ணு பண்ணி உங்காத்துக்காரர்கிட்டயும் குடு" என்றார். கூடத்துச் சுவரில் வெறும் ஆணிகள் நின்றன. பிடுங்கவும் இல்லை, எதையும் மாட்டவும் இல்லை.

மழைக்காலம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, அதே மத்தியான நேரத்தில் மாமி வந்தார். கையில் காய்கறிப் பை. சார் பதறி எழுந்தார். மாமி நேராகச் சின்ன அறைக்குப் போய், தன் நாற்காலியை அணைந்து கிடந்த திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்களும் பார்த்திருக்கேளே. சொல்லுங்கோ."

அவருக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சார் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வாளியில உட்கார்ந்துண்டு குளிக்கறது" என்று தொடங்கினார். "தலையில சோப்பு நுரை. ஒரு கையில சொம்பு."

"ம்."

"அடுத்தது, அப்பா மார்மேல தூங்கறது. வாய் கோணி எச்சில் வழியறது."

"ம், ம்."

"அப்புறம் கேக்கு. கீழ் வரிசையில ரெண்டு பல்லு. நீலக் கவுன் போட்டுண்டு..."

"நீலமா? பச்சைன்னா. கிளிப் பச்சை."

அவர் நிறுத்திவிட்டார். கண்ணை மூடித் தேடினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். என் நினைவில் அந்தக் கவுன் மஞ்சள். நான் அதைச் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது?

"ஆமாம் மாமி. பச்சைதான்" என்றார்.

அதன்பின் வாரா வாரம் நடந்தது. மாமி வருவார், அவர் சொல்வார், மாமி திருத்துவார். போகப் போகத் திருத்தம் குறைந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லப் பழகிவிட்டார்கள். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்த வருஷம் வரை சொம்பும் எச்சிலும் கிளிப்பச்சைக் கவுனும் அப்படியே இருந்தன, குழந்தைக்கு ஒரு வயதுக்கு மேல் ஆகவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ் எங்கள் தெருமுனையில் நின்றுதான் போகும்.